மீட்டரை எங்கே வைப்பது? பட்டறை கேள்வி–பதில்

வண்டி மின்சாரம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பதில் சொல்கிறார். இந்த இதழில் பேட்டரியும் சார்ஜும்.

எங்கள் டீசல் காருக்கு எட்டு வயது. ஒன்றேகால் வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் காலையில் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரிக் கடைக்காரர் “டைனமோ சார்ஜ் ஏத்தலைங்க” என்கிறார். மெக்கானிக் “பேட்டரி மட்டம்” என்கிறார். நடுவில் நான் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அதை எங்கே வைத்து என்ன பார்க்க வேண்டும்?
*வாசகி, தாராபுரம்*

அம்மா, ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் அளக்காமல் சொல்கிறார்கள், அதுதான் குறை.

முதலில் மீட்டரின் திருகை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு ஒயர் ‘காம்’ துளையில், சிவப்பு ஒயர் வோல்ட் துளையில். பக்கத்திலேயே ‘10 ஆம்பியர்’ என்று ஒரு துளை இருக்கும். அதில் சிவப்பைச் செருகிவிட்டுப் பேட்டரியைத் தொட்டால் நேர் ஷார்ட்; ஒயர் உருகிக் கையைச் சுட்டுவிடும். இதை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பானட் பக்கம் போங்கள். ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் ஆள் பேதம் தெரியாது.

முதல் அளவு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில். பானட்டை முந்தின நாளே திறந்து வைத்துவிடுவது நல்லது. காலையில் கதவைத் திறந்தாலே உள்லைட்டும் மற்றதும் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொள்ளும். பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் மீட்டர் ஒயர்களின் ஊசி முனைகளை வையுங்கள். 12.6 வந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் பார்த்தால் 12.9, 13 என்றெல்லாம் காட்டும். அது மேலாக நிற்கும் சார்ஜ், நம்பக் கூடாது. காத்திருக்க நேரமில்லை என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரியவிட்டு அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, செல்ஃப் அடிக்கும்போது. வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். எண் சரசரவென இறங்கும். 9.6-க்குக் கீழே போகக் கூடாது. 12.4-க்கு மேல் இருந்த பேட்டரி இதற்கும் கீழே போனால் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, இல்லை செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் குடிக்கிறது. ஊசியை ஈயக் குமிழிலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை குமிழிலும், இன்னொரு தடவை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துப் பாருங்கள். குமிழில் 10.5, கிளாம்பில் 8 என்று வந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கிளாம்பைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் போதும்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1500 சுற்றில் பிடித்தால் பேட்டரியில் 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். பிறகு ஹெட்லைட் ஹை பீம், புளோயர் முழு வேகம், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 12.3, 12.2 என்று மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவேயில்லை. பெல்ட், ஃபியூஸ், கார்பன் பிரஷ், சார்ஜ் வோல்ட்டை அடக்கி வைக்கும் ரெகுலேட்டர் என்று தேட வேண்டியதுதான். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது, பேட்டரி கொதிக்கும்.

உங்கள் கதையில் எனக்குச் சந்தேகம், சார்ஜ் சரியாக வருவதற்கும் வரவேயில்லை என்பதற்கும் நடுவில். ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் இதே புகாரோடு கார் கொண்டுவந்தார். ஹெட்லைட், புளோயர் என்று லோடு போட்டால் பேட்டரியில் 13.1. சார்ஜ் ‘வருகிறது’, ஆனால் போதவில்லை. ஆல்டர்னேட்டரை, அதாவது உங்கள் கடைக்காரர் டைனமோ என்று சொன்னதை, கழற்றிவிடலாம் என்று கை போவது இந்த இடத்தில்தான். நான் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், தடித்த ஒயர் ஏறும் போல்ட்டில் ஊசியை வைத்தேன். அங்கே 14.3. ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. கிளம்பிய வோல்ட்டில் 1.2 வழியில் காணவில்லை.

காணாமல் போனதை நேராகவே பிடிக்கலாம். சிவப்பு ஊசி ஆல்டர்னேட்டர் போல்ட்டில், கறுப்பு ஊசி பேட்டரியின் பிளஸ் குமிழில். இன்ஜினும் ஓட வேண்டும், லோடும் இருக்க வேண்டும். மீட்டர் காட்டுவது அந்த ஒயரில் மட்டும் தொலையும் வோல்ட். 0.2, 0.3 வரை பரவாயில்லை. அந்தக் காரில் 1.1 இருந்தது. மிச்சம் 0.1 எர்த் பக்கம். ஒயரைத் தடவிக்கொண்டே போனதில், ஆல்டர்னேட்டர் பக்கத்து லக்கின் (ஒயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் வளையம்) ஸ்லீவ் பழுப்பேறி இருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூள். அவ்வளவு லோடில் அந்த ஒயரில் 40 ஆம்பியர் சுமார் போகும், 1.1 வோல்ட்டைப் பெருக்கினால் 44 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடக் கூடுதல் சூடு ஒரு லக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெட்டி, செப்புக் கம்பி பளபளவென்று தெரிகிற இடத்தில் புது லக் போட்டு அழுத்தினோம். பேட்டரியில் 14.1 வந்துவிட்டது.

பெரும்பாலான பழைய ஆல்டர்னேட்டர்களில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் தன் வாசலில் என்ன வோல்ட் இருக்கிறது என்றுதான் பார்க்கும். பேட்டரிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. அரைவயிற்றுச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எத்தனை புதுப் பேட்டரி வாங்கினாலும் ஒன்றின் பின் ஒன்றாகப் போகும். கடைக்காரர் கண்ணில் படுவது செத்த பேட்டரி. மெக்கானிக் மேலோட்டமாகப் பார்த்தால் சார்ஜும் வருகிறது. இருவருக்கும் நடுவில் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

எர்த் பக்கமும் இதேபோல் பாருங்கள்: ஒரு ஊசி ஆல்டர்னேட்டர் உடம்பில், இன்னொன்று பேட்டரி மைனஸ் குமிழில். 0.2-க்கு மேல் போனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைத் தேடுங்கள். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய வண்டிகளில் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது உண்டு. அப்படி விட்ட வண்டியில் செல்ஃப் அடிக்கும் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்க்கும், கேபிள் சுடும். சமீபத்தில் கிளட்ச் மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பார் எங்கள் ஊர் மெக்கானிக். இன்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். மீட்டரெல்லாம் எதற்கு, இது போதாதா?
*ஓய்வு பெற்ற வாசகர், கரூர்*

போதாதுங்க ஐயா. போதாதது மட்டுமில்லை, ஆபத்து.

பழைய டீசல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஓட ஆரம்பித்த பிறகு, ஸ்டாப் சோலினாய்டு (கரண்ட்டில் இயங்கும் டீசல் அடைப்பு) இல்லாத இன்ஜினுக்குக் கரண்ட்டே தேவையில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். அப்படியிருக்க டெர்மினலைக் கழற்றிப் பார்த்து என்ன தெரிந்துகொண்டார்?

புது வண்டியில் இன்னும் மோசம். ஆல்டர்னேட்டர் 30, 40 ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பேட்டரியைப் பிடுங்கினால், அந்தக் கரண்ட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்குக் குதிக்கும். 12 வோல்ட் வண்டியிலேயே நூறு வோல்ட்டை எட்டலாம். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஆல்டர்னேட்டர் டயோடு, இன்ஜின் கம்ப்யூட்டர், மியூசிக் சிஸ்டம், எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. போகவில்லை என்றால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு அடி வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய் மீட்டர் காசு மிச்சம் என்று எண்ணி, கம்ப்யூட்டருக்குக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாவி போட்டால் மற்ற எல்லா லைட்டும் எரிகிறது, பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் மட்டும் எரிவதில்லை. பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் ஸ்டார்ட் செய்து ஒரு முறை நன்றாக முறுக்கினால்தான் சார்ஜ் ஏறுகிறது.
*பழைய ஜீப் வைத்திருப்பவர், ஏற்காடு*

அந்த லைட் எரியாததுதான் பிரச்சினையே. உங்கள் வண்டிக் காலத்து ஆல்டர்னேட்டருக்கு முதல் உயிர் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் பல்பு வழியே ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டார் காயிலுக்குப் போய் அதைக் காந்தமாக்கும். பல்பு ஃபியூஸ் ஆனால் அந்தப் பாதை அறுந்துவிடும். ரோட்டார் இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காந்தத்தை வைத்துக்கொண்டு, வேகம் கூடிய பிறகுதான் அது தானாகப் பற்றிக்கொள்ளும். நீங்கள் முறுக்குவது அதற்குத்தான். பல்பை மாற்றுங்கள், அதே வாட்டில். எல்.இ.டி. போடாதீர்கள், அதன் வழியே போகும் கரண்ட் போதாது. பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால் அந்தச் சின்ன ஒயரும் கார்பன் பிரஷ்ஷும் அடுத்த சந்தேகம்.

ஆறு சக்கர லாரி, 24 வோல்ட். இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியது. ஒன்றில் வாரம் ஒரு முறை தண்ணி ஊற்ற வேண்டியிருக்கிறது, இன்னொன்று எப்போதும் டவுன். சார்ஜ் பார்த்தேன், 28.2 காட்டுகிறது. சரியாகத்தானே இருக்கிறது?
*டிரைவர், சங்ககிரி*

அண்ணே, மொத்தத்தைப் பார்த்தால் எல்லாம் சரி. 28 வோல்ட் சுற்றி இருக்க வேண்டியதுதான். இப்போது இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்றில் 12.9, இன்னொன்றில் 15.3 என்று வரும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கேபினில் 12 வோல்ட் பாட்டுப் பெட்டி, ஃபேன், போன் சார்ஜர், முன்னாடி சாமி படத்துக்குச் சீரியல் லைட்? அதற்கெல்லாம் ஒயர் எங்கிருந்து வருகிறது? இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருப்பார்கள். நம் பக்கத்து லாரியில் பாதிக்கு மேல் இப்படித்தான். எர்த் பக்கத்துப் பேட்டரி மட்டும் ராத்திரி பகலாக இந்தச் சாமான்களுக்கெல்லாம் சோறு போடுகிறது. ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒரே சங்கிலியாகத்தான் சார்ஜ் செய்கிறது. இரண்டுக்கும் போகும் கரண்ட் ஒன்றுதான். எர்த் பேட்டரி நிறையும் முன்பே மேல் பேட்டரி நிறைந்துவிடும். ரெகுலேட்டர் இரண்டின் கூட்டை மட்டும் பார்ப்பதால் நிறுத்தாது. நிறைந்தது கொதிக்கும், தண்ணி வற்றும். மற்றது எப்போதும் பட்டினி.

புதுசாக ஒரு பேட்டரி மட்டும் வாங்கி டவுனானதற்குப் பதில் போட்டால் இதே கதை இன்னும் வேகமாக ஓடும். நடு ஒயரைக் கழற்றிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று மாட்டுங்கள். உங்கள் சாமான்கள் எடுக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து அதற்கு மேலே வாங்குங்கள். பாட்டுப் பெட்டியோடு ஆம்ப்ளிஃபையர் இருந்தால் சின்னது தாங்காது. பேட்டரி மாற்றினால் இரண்டையும் சேர்த்து, ஒரே ஆம்பியர்-அவரில் (கொள்ளளவில்) மாற்றுங்கள். அதற்கு முன்னால் இரண்டையும் கழற்றி, 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக நிறைத்துப் பாருங்கள். கொதித்த பேட்டரி சிலசமயம் தப்பித்திருக்கும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர்வெல் போடும் வண்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் லாரிக்காரர்களைவிடக் கவனம். வண்டி ஏதாவது காட்டில் நின்று, செல்ஃப் அடிக்காவிட்டால் அன்றைய வேலையே போச்சு என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், 27 காட்டுகிறது! எல்லா டயோடும் போய்விட்டதா?
*கல்லூரி மாணவர், சேலம்*

தம்பி, இன்ஜினை அணைத்துவிட்டு அதே ஏ.சி.யில் திரும்பப் பார். அப்போதும் 26, 27 காட்டுகிறதா? அப்புறம் சிவப்பு ஊசியையும் கறுப்பையும் இடம் மாற்றி வை. பூஜ்யம் வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் டயோடு ஒன்றும் ஆகவில்லை, உன் மீட்டர்தான் அப்படி. மலிவு மீட்டர் பலவற்றில் ஏ.சி. பக்கம் டி.சி.யைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருக்காது. வீட்டுக் கரண்ட்டைப் பாதி வெட்டி அளந்து, அந்தப் பாதிக்கு ஈடுகட்டக் கணக்கில் 2.2 மடங்கு பெருக்கிக் காட்டும். நேர் டி.சி. கொடுத்தாலும் அதையே பெருக்கும்: 12.3-ஐ 27 ஆக்கும். இந்த மீட்டரில் டயோடு சோதனை செய்யவே முடியாது. டி.சி. பக்கம் அது நன்றாகவே வேலை செய்யும், தூக்கிப் போடாதே.

நல்ல மீட்டர் ஒன்று கடன் வாங்கிக்கொள். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஏ.சி.யில் பேட்டரி மேல் வை. 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சுகம். 0.5-ஐத் தாண்டினால் ஆறு டயோடில் ஒன்றாவது போயிருக்கிறது. டயோடு போன ஆல்டர்னேட்டர் லோடு இல்லாதபோது 14 வோல்ட் காட்டி ஏமாற்றும், லோடு போட்டால் படுத்துவிடும். ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் கேட்பதும் இதனால்தான் பெரும்பாலும். மீட்டர் இல்லாமலும் ஒரு வழி உண்டு. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார். இன்ஜின் குளிர்ந்திருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், ஷார்ட் ஆன டயோடு வழியாகப் பேட்டரி ராத்திரி முழுக்க வடிந்திருக்கிறது.

என் பைக்கில் ஹெட்லைட் பல்பு மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. முறுக்கினால் பேட்டரியில் 16-க்கு மேல் போகிறது.
*பொள்ளாச்சி*

பல்பைக் குறை சொல்லாதீர்கள். பைக்கில் காரைப் போல ரோட்டார் கரண்ட்டைக் குறைத்துச் சார்ஜை அடக்க முடியாது. நிலைக் காந்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயில் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை அடக்குவது ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்) வேலை. பெரும்பாலான பைக்கில் அது மிஞ்சிய கரண்ட்டை ஷார்ட் செய்து காயிலுக்கே திருப்பிவிடும்; அதனால்தான் அது சுடும், அதனால்தான் அதற்குச் செதில் செதிலாக அலுமினிய உடம்பு. சேறு அப்பிக் காற்றுப் படாமல் இருந்தால் சீக்கிரம் போகும்.

புதுசு வாங்கும் முன் ஒரு அளவு. வண்டியை முறுக்கி, ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் சரியில்லை. அல்லது அது பேட்டரியை வேவு பார்க்கும் ஒயரில் தொடர்பு தளர்ந்திருக்கிறது. பேட்டரி டவுன் என்று தப்பாக எண்ணிக்கொண்டு அது கூடுதலாக ஏற்றும். இரண்டும் சரி என்றால் யூனிட்டை மாற்றுங்கள். வீங்கிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

எதிர்ப் புகார் உள்ளவர்களுக்கும், அதாவது சார்ஜே ஏறாதவர்களுக்கும், ஒரு வரி. ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் ஒயர் கனெக்டரைக் கழற்றி, ஏ.சி. 200-இல் வைத்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியும் பாருங்கள். ஒரே வேகத்தில் மூன்றும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கச் சுவிட்சே கிடையாது. அதன் மேல் கூடுதல் ஃபாக் லைட்டும் மாட்டிவிட்டு, ஊருக்குள் மெதுவாகவே ஓட்டினால் நல்ல ஸ்டேட்டரும் ஈடுகொடுக்காது.

போன வருஷம் வாங்கிய கார். சிகரெட் லைட்டர் துளையில் வோல்ட் காட்டும் சார்ஜர் மாட்டியிருக்கிறேன். ஓடும்போது சிலசமயம் 14.6, சிலசமயம் 12.7. ஆல்டர்னேட்டர் கோளாறா?
*கோயம்புத்தூர்*

இல்லை, மைலேஜுக்காக அப்படிச் செய்கிறது. புதுக் கார்களில் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்கு உத்தரவு போடுவது இன்ஜின் கம்ப்யூட்டர். ஆக்ஸிலேட்டரை மிதித்து ஏறும்போது சார்ஜைக் குறைத்து இன்ஜினின் சுமையை இறக்கும். காலை எடுத்து வண்டி உருளும்போது ஏற்றிக்கொள்ளும். மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலை ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைக் கவனித்தால் உங்களுக்கே புரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான கார்கள் அப்போது 13.5-க்கு மேல் ஏற்றிவிடும். ஏற்றாமல் 12.3-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மட்டும் ஷோரூமுக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவையும் லைட்டர் துளையில் இல்லாமல் பேட்டரி குமிழில் எடுங்கள், அந்த மெல்லிய ஒயரிலேயே கொஞ்சம் தொலைந்துவிடும்.

இப்படிப்பட்ட காரில் பேட்டரி மைனஸ் கிளாம்பில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அது கணக்குப்பிள்ளை. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் எல்லாவற்றையும் எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வெளிச் சார்ஜர் போட வேண்டி வந்தால் சார்ஜரின் கறுப்புக் கவ்வியை மைனஸ் குமிழில் மாட்டாமல் பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். குமிழில் மாட்டினால் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வராது.